ரசமும் ரசோனும்: பதினைந்து நிமிட ஆய்வுரைக்கு எத்தனை சொல் வேண்டும்?

நீங்கள் கேட்டதை என் சொல்லில் ஒருமுறை வைத்துக்கொள்கிறேன். மொரிசியசில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வுக்கென்று ஒருநாள் கருத்தரங்கு வருகிறது. பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் புழங்கும் தமிழ்ச் சொற்கள் என்று 140 சொல் சேர்த்திருக்கிறீர்கள், பெரும்பாலும் பாட்டியிடமிருந்து. பேசக் கிடைப்பது பதினைந்து நிமிடம். "சொல் பட்டியல் ஆய்வாகாது" என்று யாரோ சொன்னதும் தயங்கிவிட்டீர்கள். கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அடுப்படியில் கேட்ட பேச்சைப் படித்தவர்கள் நடுவில் கொண்டுபோய் வைக்கலாமா என்ற கூச்சம். தாராளமாக வைக்கலாம். ஆனால் 140 சொல்லையும் வைக்க வேண்டாம். எட்டு, பத்து போதும். அதிலும் ஒரே சொல்லில் பாதி நேரம் நின்றாலும் நல்லதுதான்.

நான் இந்தத் தீவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தமிழ் கற்பித்தவன். அதில் பாதிக் காலம் கிரியோலில் உள்ள நம் சொற்களின் வேரைத் தேடுவதில் போயிருக்கிறது. ஒலியியலும் தமிழ்ப் பேச்சு வழக்கும் என் துறை. அதில் நான் சொல்வதை நம்பலாம். பீகார்ப் பக்கத்து மொழியான போஜ்புரி கேட்டால் புரியும், பேச வராது. மடகாஸ்கரின் மொழியான மலகாசி தெரியாது, அது தெரியாமல் இந்த வேலையில் இறங்கியதால் ஒருமுறை அடிபட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒருநாள் கருத்தரங்குக்கென்று ஓர் ஓட்டம் உண்டு. காலையில் ஒரு பெரியவரின் சிறப்புரை, பிறகு இரண்டு மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள், நடுவில் தேநீர், மதிய உணவு, மாலை ஐந்துக்கெல்லாம் முடிந்துவிடும். மறுநாள் என்று ஒன்று கிடையாது. உங்கள் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். அவர்களில் தமிழ் தெரிந்தவர் இரண்டு பேர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தப் பன்னிரண்டு பேரும் 140 சொல்லைக் கேட்டால் ஒன்றும் நினைவில் வைக்க மாட்டார்கள். ஒரு சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டின் பேச்சு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினால் தேநீர் வேளையில் உங்களைத் தேடி வருவார்கள். பட்டியல் ஆய்வாகாது என்று சொன்னவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்தச் சொல் இருக்கிறது என்று மட்டுமே பட்டியல் சொல்லும். அது தமிழ்தான் என்று எப்படித் தெரியும், எந்த வாய் வழியாக வந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரத நாளில் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறும்போது கடைசியில் வருமே, அதற்குக் கிரியோலில் 'ரசோன்' என்று பெயர். எழுத்தில் 'ன்' இருக்கிறது, வாயில் அது தனியாக ஒலிப்பதில்லை. ஓகாரம் மூக்கில் போய் முடிகிறது. இதைக் கேட்கிற நம்மவர் பலரும், 'பிரெஞ்சுக்காரன் வாயில் ரசம் சிதைந்துவிட்டது' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் எழுதுவது மரம், பணம், ரசம். இயல்பாகப் பேசும்போது உதட்டை மூடி 'ம்' என்று முடிக்கிறோமா? இல்லை. கடைசி அகரம் ஓகாரத்தின் பக்கம் சாய்ந்து மூக்கில் கரைகிறது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் பேச்சு வழக்கு அதுதான். மகர ஈறு, அதாவது சொல்லின் கடைசி 'ம்', மூக்கில் ஒலிக்கும் உயிராக மாறுவது பேச்சுத் தமிழைப் பற்றி எழுதிய எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. பிரெஞ்சில் அதே மாதிரி ஓர் உயிரொலி தயாராக இருக்கிறது. ஆக 'ரசோன்' என்பது நம் பாட்டன் பாட்டி பேசியதை அப்படியே பிடித்து வைத்த வடிவம். இதற்கு வலு சேர்க்கும் இன்னொரு கணக்கும் உண்டு: 'அம்' என்று முடியும் ஒலி பிரெஞ்சுக் காதுக்குப் புதிதில்லை, 'மதாம்' என்ற சொல்லே அப்படித்தான் முடிகிறது. உதடு மூடிய 'ம்' காதில் விழுந்திருந்தால் அவர்கள் 'ரசாம்' என்று வைத்திருப்பார்கள். மூக்கொலி விழுந்ததால்தான் 'ரசோன்' ஆயிற்று.

போர்ட் லூயியில் சாந்த் குருவா பக்கம் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். ஊர் மக்கள் அதைக் 'கைலாசோன்' என்றுதான் சொல்கிறார்கள். கைலாசம், கைலாசோன், ரசம், ரசோன். ஒரே விதி. இப்போது அதே கோவிலின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் விதத்தைக் கவனியுங்கள். சொக்கலிங்கத்தின் கடைசியில் யு, எம் என்ற எழுத்துகள். கைலாசத்தின் கடைசியில் ஓ, என். இரண்டுமே தமிழில் 'அம்' என்று முடிகிற பெயர்கள். யு-எம் என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவேட்டில் பெயர் எழுதிய கை. ஆறுமுகம் என்ற குடும்பப் பெயரும் இங்கே அப்படித்தான் எழுதப்படுகிறது. ஓ-என் என்பது கிரியோல் பேசுகிற காது. ஒரு கோவில் பெயருக்குள் இரண்டு காலம், இரண்டு எழுத்து மரபு. அடுத்தது அம்மன். அந்த வார்த்தையை நம் ஊரில் கடைசியில் இ-என் போட்டு, 'அம்மென்' என்று எழுதுகிறோம். வீரப்பனும் அப்படியே 'வீரப்பென்'. பேச்சுத் தமிழில் 'அவன்' என்பது மூக்கொலியோடு 'அவெ' போல முடிவதை நினைத்துப் பாருங்கள். மகர ஈறு ஓகாரத்தின் பக்கம், னகர ஈறு எகரத்தின் பக்கம்: பேச்சுத் தமிழின் இந்த வேறுபாட்டைத் தீவின் எழுத்துக்கூட்டல் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து உங்கள் பதினைந்து நிமிடத்துக்கு இதைவிட நல்ல கரு இல்லை. மகர ஈறு உள்ளவை நான்கு, னகர ஈறு உள்ளவை நான்கு எடுத்துக்கொண்டாலே போதும்.

இவ்வளவும் உறுதியான தரை. இதற்கு அடுத்து கால் வைக்கும் இடத்தில் பார்த்து வையுங்கள். ஏனென்றால் இந்த விதிக்கு இடிக்கிற சொற்களும் உங்கள் பட்டியலிலேயே இருக்கும். பீர்க்கங்காய் கிரியோலில் 'பிபங்காய்'. ஊறுகாய் 'ருகாய்' ஆகி, தக்காளியில் செய்யும் குழம்புக்குப் பெயராகிவிட்டது. இரண்டும் தமிழிலிருந்து வந்தவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் கடைசி 'ய்' எப்படித் தங்கியது? பேச்சில் நாம் ஊறுகா, பீர்க்கங்கா என்றுதானே சொல்கிறோம்? ரசத்தில் பேச்சு வடிவத்தை எடுத்த அதே மக்கள் காயில் மட்டும் எழுத்து வடிவத்தை எடுத்திருப்பார்களா? இரண்டு விளக்கம் சாத்தியம். சொல் வந்த காலத்தில், வந்தவர்களின் ஊர் வழக்கில் 'ய்' இன்னும் உதிராமல் இருந்திருக்கலாம். அல்லது 'காய்' என்ற தனிச்சொல்லை எல்லோரும் 'ய்' ஒலிக்கச் சொல்வதால், சந்தையில் விற்கிறவர் அழுத்தி உச்சரித்த வடிவம் நிலைத்திருக்கலாம். இரண்டில் எது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களும் மேடையில் சொல்ல வேண்டாம். 'இது என் விதிக்கு எதிரான சான்று' என்று நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். கேட்பவர்கள் மதிப்பார்கள்.

எந்தக் காலத்தில் வந்தன என்பதும் சிக்கலானது. இங்கே தமிழர் வந்தது இரண்டு அலையாக. பிரெஞ்சு ஆட்சியில், 1735 இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து தச்சர், கொத்தர் போன்ற கைவினைஞர்கள் வந்தார்கள். 1810 இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பல் வந்ததிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் லட்சக்கணக்கில் இறங்கினார்கள், அவர்களில் சென்னை வழியாக வந்தவர்களும் உண்டு. ஒரு சொல் எந்த அலையில் வந்தது என்று கண்டுபிடிக்க நாங்கள் வழக்கமாகச் செய்வது பக்கத்துத் தீவுகளைப் பார்ப்பது. ருகாய் ரெயூனியனிலும் இருக்கிறது, சீஷெல்சிலும் இருக்கிறது. சீஷெல்சில் குடியேற்றம் தொடங்கியதே 1770 இல், இங்கிருந்து போனவர்களால். அதனால் மூன்று இடத்திலும் இருக்கிற சொல் ஒப்பந்தக் கூலி காலத்துக்கு முந்தையது என்று சொல்ல ஆசையாக இருக்கும். அவசரப்படாதீர்கள். ரெயூனியனுக்கும் 1848 இல் அடிமை முறை ஒழிந்த பிறகு ஏராளமான தமிழர் போனார்கள். சீஷெல்சுக்குத் தமிழ் வணிகர்கள் போனார்கள். சாப்பாட்டுச் சொல் கப்பலில் ஏறித் தீவு தீவாகப் போகும். ஆகவே 'முந்தையதாக இருக்கலாம்' என்பது வரை சொல்லலாம். பழைய எழுத்துச் சான்று கையில் இருந்தால் மட்டும் 'முந்தையது' என்று சொல்லுங்கள்.

பழைய ஆவணம் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே எழுதினார்கள். 1779 இல் வேப்பேரியில் பப்ரீசியஸ் அச்சிட்ட தமிழ் அகராதியின் பெயரே மலபார்–ஆங்கில அகராதி. போர்ட் லூயியில் இருந்த 'மலபார் முகாம்' என்ற பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சொல் இன்று ரெயூனியனில் தமிழ் வழிவந்தவர்களைக் குறிக்கிறது, இங்கே வட இந்திய வழிவந்த இந்துக்களைக் குறிக்கிறது.

உங்கள் 140 சொல்லில் கணிசமானவை கீழே விழும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். 'கராய்' என்ற வாணலி நம் கடாயா, போஜ்புரிக்காரர்களின் கடாஹியா? ஒலியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நடுவில் உள்ள நா மடக்கும் ஒலி இரண்டு மொழியிலும் ரகரம் போலவே காதில் விழும். இந்தத் தீவின் இந்திய மக்களில் பெரும்பான்மையோர் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் எண்ணிக்கை அவர்கள் பக்கம். 'சத்தினி' என்ற சட்னி கிட்டத்தட்ட நிச்சயமாக அவர்களுடையது. 'காரி' நம் கறிதான், ஆனால் அது போர்ச்சுகீசியர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் ஊறிய பிறகு இங்கே வந்திருக்கலாம். தமிழர் கையிலிருந்து நேராக வந்தது என்று நிரூபிக்க முடியாது. 'ப்ரெட் முரும்' என்ற முருங்கைக்கீரையில் முரும் நம்முடையது, ப்ரெட் போர்ச்சுகீசிய மூலம் கொண்டது. ஒரு கட்டு கீரைக்குள் இரண்டு மொழி இருக்கிறது. இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சுவது நாற்பது சொல் என்றாலும், அந்த நாற்பதை யாரும் அசைக்க முடியாது.

நான் அடிபட்ட கதை இதுதான். என் முதல் கருத்தரங்குகளில் ஒன்றில், கிரியோலில் சொல்லை இரட்டித்துச் சொல்லும் வழக்கு தமிழிலிருந்து வந்தது என்று அடித்துப் பேசினேன். 'ரூஸ்-ரூஸ்' என்கிறார்கள், நாம் 'சிவப்பு சிவப்பாய்' என்கிறோம், பார்த்தீர்களா என்றேன். பின் வரிசையிலிருந்து மடகாஸ்கர்க்காரர் ஒருவர் எழுந்து அமைதியாகக் கேட்டார்: 'கிரியோலில் அதற்கு என்ன பொருள்?' லேசான சிவப்பு, செம்மை படிந்தது, என்றேன். 'தமிழில்?' அங்கே நின்றுவிட்டேன். சிவப்பு சிவப்பாய்ப் பூத்திருக்கிறது என்றால் அங்கங்கே, நிறைய, நல்ல சிவப்பில் என்று பொருள். குறைவைக் காட்டவில்லை, பெருக்கத்தைக் காட்டுகிறது. அவர் சொன்னார்: 'எங்கள் மொழியில் ஃபுத்சி என்றால் வெள்ளை. ஃபுத்சிஃபுத்சி என்றால் வெளிறியது.' வடிவம் மூன்று மொழியிலும் ஒன்று. பொருள் கிரியோலுக்கும் மலகாசிக்கும் ஒன்று. அதனால் மலகாசியிலிருந்துதான் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, ஆப்பிரிக்க மொழிகளையும் பார்க்க வேண்டும் என்றார். அன்று முதல், இலக்கணக் கூறு எதையும் தமிழுக்கு உரியது என்று எழுதும் முன் மலகாசி தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் எழுதுவதில்லை. சொல்லைக் கடன் வாங்கியதைக் காட்டுவது எளிது. இலக்கணத்தைக் கடன் வாங்கியதைக் காட்டுவது மிகக் கடினம். இளங்கலை மாணவி அந்தப் பக்கம் இப்போது போக வேண்டியதில்லை.

தரவு சேர்த்த விதத்தைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது: பாட்டியிடம் ஒவ்வொரு பொருளாகக் காட்டி 'இதற்குத் தமிழில் என்ன' என்று கேட்டதாக. அங்கேதான் எனக்குக் கவலை. ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாளின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மருமகளிடம் கிரியோலில் பேசியபடியே சட்டியை இறக்கி, புளிக்கரைசல் வாசனை எழும்ப, 'ரசோன்' சூடாக இருக்கிறது, பிள்ளைக்கு ஊற்று என்றார். நான் குறித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, 'இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்து, நிமிர்ந்து நின்று, பள்ளியில் ஒப்பிக்கிற மாதிரி, உதட்டை அழுத்தி மூடி, 'ரசம்' என்றார். பேத்தியின் பாடப்புத்தகத்தில் கேட்ட உச்சரிப்பு. இரண்டும் அவருடைய மொழிதான். ஆனால் என் கேள்விக்கு விடை முதலில் வந்ததில்தான் இருந்தது. கேட்டு வாங்கியதையும் காதில் விழுந்ததையும் தனித்தனியாகக் குறியுங்கள். யார், என்ன வயது, எந்த ஊர், யாரோடு பேசும்போது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள், சொந்தப் பாட்டியாக இருந்தாலும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைப் படிவத்தையும் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள், கடைசி வாரத்தில் அது கிடைக்காது.

சரிபார்க்க எங்கே போவது? கிரியோல் பக்கத்துக்கு பேக்கரும் ஹுக்கும்சிங்கும் 1987 இல் வெளியிட்ட அகராதி, கார்ப்பூரனின் 2009 அகராதி. வேர்ச்சொல்லுக்கு, பொல்லே தொகுத்த இந்தியப் பெருங்கடல் கிரியோல்களின் சொற்பிறப்பியல் அகராதி; பிரெஞ்சு அல்லாத மூலம் கொண்ட சொற்களுக்கென்றே அதில் ஒரு பகுதி 1993 இல் வந்தது, முதலில் அதைத் திறந்து பாருங்கள். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும், பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும். பின்னதில் 1984 திருத்தப் பதிப்பையே பாருங்கள். உங்கள் சொல் அவற்றில் ஏற்கெனவே இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஓர் அகராதி 'தமிழ்' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்ட இடத்தில், எந்தத் தமிழ், பேச்சா எழுத்தா, என்று கேட்பதே உங்கள் பங்களிப்பு. கிரியோலை 2011 இல் ஏற்கப்பட்ட எழுத்துமுறையில் எழுதுங்கள், பேச்சுத் தமிழைச் சர்வதேச ஒலியெழுத்தில் எழுதுங்கள்; இரண்டையும் கலந்தால் உங்கள் வாதமே கலங்கிவிடும்.

சுருக்கத்தை 250 சொல்லுக்குள் வையுங்கள். 'தமிழ் உலகின் மூத்த மொழி' என்று தொடங்காதீர்கள். மொரிசியஸ் கிரியோலில் உள்ள தமிழ்ச் சொற்கள் மகர, னகர ஈறுகளைப் பேச்சு வழக்குப்படி காட்டுகின்றனவா என்று முதல் வரியிலேயே கேள்வியைப் போடுங்கள். பிறகு எத்தனை சொல், எத்தனை பேரிடம் கேட்டது, என்ன தெரிந்தது, எந்தச் சொல் இடிக்கிறது. மேடையில் பன்னிரண்டு நிமிடத்தில் முடியுங்கள். சொற்களை ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். திரையில் ஓடுகிற பட்டியலை யாரும் படிப்பதில்லை. ரசோன் என்று பாட்டி சொல்லும் இரண்டு விநாடிப் பதிவைப் போட்டுக் காட்ட முடிந்தால், அதற்கு முன் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நம்மவர் சிலர் வருத்தப்படுவார்கள். 1998 இல் புதிய ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில், அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்ட ஊர் இது. தமிழ் பேசும் வீடுகள் குறைந்துகொண்டே போகும்போது, 'கராய் நம்முடையது என்று சொல்ல முடியாது' என்று ஒரு தமிழ்ப் பெண்ணே மேடையில் சொன்னால் பெரியவர்களுக்கு வலிக்கும். அந்த வலியை நான் மதிக்கிறேன், எனக்கும் அது உண்டு. ஆனாலும் சந்தேகமான நூறு சொல்லோடு சேர்த்துக் கட்டினால் உறுதியான நாற்பதையும் நாளைக்கு ஒருவர் எளிதாகத் தள்ளிவிடுவார். கோவிலில் யாராவது கேட்டால் கைலாசோனிலிருந்து தொடங்குங்கள். 'நீங்கள் தினமும் சொல்கிற அந்தப் பெயரில் உங்கள் கொள்ளுப்பாட்டியின் உச்சரிப்பு இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பாட்டியுடன் சந்தைக்குப் போங்கள். பீர்க்கங்காய் குவிந்திருக்கும் இடத்தில் எதுவும் கேட்காமல் நில்லுங்கள். விற்கிறவரிடம் அவர் கிரியோலில் எப்படிச் சொல்கிறார், வீட்டுக்கு வந்து உங்கள் பெரியம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்கிறார் என்று காதில் விழுந்தபடி எழுதுங்கள். தமிழில் சொல்லும்போது கடைசியில் 'ய்' இருந்ததா, இல்லையா என்று எனக்கும் சொல்லுங்கள். சுருக்கத்தை அனுப்புவதற்கு முன் இங்கேயே போட்டால் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்கிறேன்.